மஞ்சளும் வெள்ளையும்: நம் வளைவில் பறக்கும் கொடியின் கதை

(யூபிலி விழாவை முன்னிட்டு, பள்ளிப்பட்டு பங்கு மக்கள் கூடிய மாலைக் கூட்டத்தில் அலங்காரக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

 

அலங்காரக் குழுவினரை மேடைக்கு அழைத்துப் பேசச் சொல்வது எங்கும் வழக்கமில்லை. நாங்கள் ஏணி ஏறுகிறவர்களே தவிர மேடை ஏறுகிறவர்கள் அல்லர். ஆனாலும் சென்ற வாரம் கோவில் வாசலில் நடந்த ஒரு சிறு சம்பவத்தைக் கேள்விப்பட்ட பங்குத்தந்தை அவர்கள், "அதை நீங்களே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்" என்று கட்டளையிட்டுவிட்டார்கள்.

நடந்தது இதுதான். நுழைவு வளைவில் நாங்கள் கொடி கட்டிக்கொண்டிருந்தோம். ஒரு பக்கம் நம் தேசியக் கொடி. மறு பக்கம் மஞ்சள் வெள்ளைக் கொடி. அவ்வழியே வந்த தறிக்காரப் பெரியவர் ஒருவர் நின்று அண்ணாந்து பார்த்தார். அவர் நம் சமயத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஆனால் நம் தேர் பவனி தெருவுக்கு வரும்போதெல்லாம் தம் வீட்டு வாசலில் மோர்ப்பானை வைப்பவர். அவர் கேட்டார்: "ஏம்பா, இது எந்த நாட்டுக் கொடி? நம்ம நாட்டுக் கொடிக்குப் பக்கத்துல வேற நாட்டுக் கொடியைக் கட்டலாமா? நாளைக்கு யாராவது வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க?"

அவர் குறை காண்பதற்காகக் கேட்கவில்லை. நம்மேல் உள்ள அக்கறையால் கேட்டார். எங்களுக்குத்தான் பதில் வரவில்லை. ஒருவர், "இது கோவில் கொடி" என்றார். இன்னொருவர், "பாப்பரசர் கொடி" என்றார். மூன்றாமவர், "வத்திக்கான் நாட்டுக் கொடிதான், அதனால் என்ன?" என்றார். நான்காமவர், "எதற்கு வம்பு, கழற்றிவிடலாம்" என்று ஏணியில் கால் வைத்துவிட்டார். ஒரே குழுவில் நாலு பேர், நாலு பதில்! தலைமுறை தலைமுறையாகத் திருவிழாவுக்குத் திருவிழா இந்தக் கொடியைக் கட்டி வந்திருக்கிறோம். இது என்ன என்று நாம் நம்மையே கேட்டதில்லை. அன்று இரவே தேடிப் படிக்கத் தொடங்கினோம்.

கொடிக்குரிய நாட்டை முதலில் சொல்லிவிடுகிறோம். வத்திக்கான் நகர அரசு உலகிலேயே மிகச் சிறிய நாடு. பரப்பளவு 44 ஹெக்டேர், நம் கணக்கில் ஏறத்தாழ 109 ஏக்கர். நம் பக்கத்துக் கிராமங்களில் இதைவிடப் பெரிய ஏரிகள் உண்டு. அந்த நாடு இன்றைய உருவில் பிறந்தது 1929இல்தான். ஆனால் கொடியின் நிறங்களோ அதற்கு 121 ஆண்டு மூத்தவை. நாட்டைவிடக் கொடி மூத்ததாக இருப்பது எப்படி? அங்கேதான் கதை இருக்கிறது.

அக்காலத்தில் இத்தாலியின் நடுப்பகுதியில் பாப்பரசருக்கென்று பெரிய இராச்சியமே இருந்தது. படையும் கப்பலும் இருந்தன. அன்று பாப்பரசரின் நிறங்கள் மஞ்சளும் வெள்ளையும் அல்ல, சிவப்பும் மஞ்சளும். உரோமை நகரத்தின் பழைய நிறங்களும் அவையே, இன்றும் அந்நகரத்தின் நிறங்கள் அவைதான்.

1808 பிப்ரவரி 2ஆம் நாள் நெப்போலியனின் படை உரோமாபுரிக்குள் புகுந்தது. அப்போது பாப்பரசராக இருந்தவர் ஏழாம் பத்திநாதர், 65 வயதுப் பெரியவர். நாலாண்டுகளுக்கு முன் 1804 டிசம்பரில் அதே நெப்போலியனின் முடிசூட்டு விழாவுக்காகப் பாரீஸ் வரை பயணம் போய் வந்தவர். நகரைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி ஒரு தந்திரம் செய்தார். பாப்பரசரின் போர்வீரர்களைத் தம் படையோடு சேர்த்துக்கொண்டார். ஆனால் அவர்கள் தொப்பியில் செருகியிருந்த சிவப்பு மஞ்சள் நாடாப்பூவை மட்டும் எடுக்கவில்லை. பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்? பாப்பரசரின் நிறத்தை அணிந்த வீரன் பாப்பரசரின் பகைவனுக்குக் காவல் நிற்கிறான். ஊர் மக்கள், "பாப்பரசரே சம்மதித்துவிட்டார் போலும்" என்றுதானே நினைப்பார்கள்?

ஏழாம் பத்திநாதரிடம் அப்போது திருப்பித் தாக்கப் படை இல்லை. அவர் செய்தது ஒன்றே. "அந்த நிறம் இனி என் நிறம் அன்று" என்று விட்டுவிட்டார். தமக்கு உண்மையாய் நின்ற மெய்க்காவலர்களும் மற்ற வீரர்களும் இனி வெள்ளையும் மஞ்சளும் சேர்ந்த நாடாப்பூவை அணிய வேண்டும் என்று 1808 மார்ச் மாதத்தில் ஆணையிட்டார். உரோமையில் இருந்த வெளிநாட்டுத் தூதர்களுக்கும் அதைத் தெரியப்படுத்தினார். யார் யாரோடு நிற்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. நம் வளைவில் நேற்று நாங்கள் ஆணி அடித்துக் கட்டிய அந்த இரண்டு நிறமும் பிறந்த கதை இதுதான், அன்பர்களே. வெற்றி விழாவில் பிறந்த நிறம் அன்று. கையில் ஒன்றுமில்லாத ஒரு கிழவர், "என் பெயரைச் சொல்லி ஏமாற்ற விடமாட்டேன்" என்று மறுத்ததில் பிறந்த நிறம்.

மறுத்ததற்கு விலை இருந்தது. 1809 ஜூலையில் நள்ளிரவில் அரண்மனைக்குள் ஏறிக் குதித்து அவரைக் கைது செய்தார்கள். முதலில் சவோனாவிலும், பிறகு பிரான்சில் போன்தேன்புளோவிலும் காவலில் வைத்தார்கள். ஐந்தாண்டுக்குப் பின் 1814 மே 24ஆம் நாள் அவர் உரோமைக்குத் திரும்பினார். மே 24 என்றதும் நம் தாய்மார்களுக்கு நினைவு வந்திருக்கும். கிறிஸ்தவர்களின் சகாயமான அன்னையின் திருநாள் அது. அந்த விடுதலைக்கு நன்றியாக ஏழாம் பத்திநாதரே 1815இல் அத்திருநாளை ஏற்படுத்தினார். ஒவ்வோர் ஆண்டும் அத்திருநாளைக் கொண்டாடுகிறோம். ஆனால் கொடியையும் அந்தத் திருநாளையும் ஒருவரே நமக்குத் தந்தார் என்பது எங்கள் குழுவில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

பழைய சிவப்பும் மஞ்சளும் அடியோடு மறைந்துவிடவில்லை. பாப்பரசர் காலமாகி அடுத்தவர் தேர்ந்தெடுக்கப்படும் வரையுள்ள நாட்களில் வத்திக்கான் வெளியிடும் நாணயங்களிலும் தபால்தலைகளிலும் ஒரு குடையும் அதன் கீழே இரண்டு சாவிகளும் இருக்கும். அந்தக் குடை சிவப்பும் மஞ்சளும் பட்டை பட்டையாகத் தைத்தது. திருவிழாக் குடை பிடித்துப் பழகிய நமக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

பிறகு 1825 முதல் பாப்பரசரின் வணிகக் கப்பல்கள் மஞ்சள் வெள்ளைக் கொடியை ஏற்றிக் கடலில் சென்றன. 1848இல் ஒன்பதாம் பத்திநாதர் அதனோடு இத்தாலிய மூவர்ண நாடாவையும் சேர்த்துக் கட்டச் சொன்னார். அது நீடிக்கவில்லை. 1870 செப்டம்பர் 20ஆம் நாள் இத்தாலியப் படை பீரங்கியால் பியா வாயிலருகே மதிலை உடைத்தது. மேலும் இரத்தம் சிந்த வேண்டாம் என்று பாப்பரசர் வெள்ளைக் கொடி காட்டச் சொன்னார். இராச்சியம் போயிற்று. அதற்குப் பின் 59 ஆண்டுகள், பாப்பரசர்கள் வத்திக்கானை விட்டு வெளியே வராமல் கைதிகளைப்போல் உள்ளேயே இருந்தார்கள்.

இந்த இடத்தில் நம் ஊரை நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நம் பள்ளிப்பட்டுப் பெரியவர்கள் சிலர் மதராஸ் மாகாணத்தில் பிறந்தார்கள். 1953 அக்டோபர் 1 முதல் சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்தில் இருந்தார்கள். ம.பொ.சி. முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்கும் பதாஸ்கர் தீர்ப்புக்கும் பின் 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணியோடு சென்னை மாநிலத்துக்கு வந்தார்கள். வீட்டை மாற்றவில்லை, தறியை மாற்றவில்லை. தாசில்தார் அலுவலகத்துப் பெயர்ப்பலகைதான் மாறியது. எல்லை நகர்ந்தால் எளிய மனிதனுக்கு என்ன ஆகும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு வேறுபாடு: இரண்டு மாநிலத்திலும் நம் தலைக்குமேல் பறந்தது ஒரே மூவர்ணக் கொடி. உரோமாபுரி மக்களுக்கு அந்த ஆறுதல் இல்லை. ஒரே நாளில் கொடியே மாறிவிட்டது.

1929 பிப்ரவரி 11ஆம் நாள் லாத்தரன் அரண்மனையில் கர்தினால் கஸ்பாரியும் இத்தாலியின் சார்பில் முசோலினியும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார்கள். ஜூன் 7ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அன்றே வத்திக்கான் நகர அரசின் முதல் அடிப்படைச் சட்டமும் வெளிவந்தது. கொடி எப்படி இருக்க வேண்டும் என்று அச்சட்டத்திலேயே எழுதினார்கள்: நிறம் இரண்டும் நெடுக்காகப் பிரிய வேண்டும். கம்பத்தை ஒட்டி மஞ்சள், வெளிப்பக்கம் வெள்ளை. வெள்ளையின்மேல் மும்முடியும் குறுக்காக வைத்த இரு சாவிகளும். கம்பத்தின் நுனி ஈட்டி முனைபோல் இருக்கும். அதில் அதே நிறத்தில் ஒரு நாடாப்பூ. 1808இல் தொப்பியில் இருந்த பூ இப்போது கம்பத்தின் உச்சிக்கு ஏறிவிட்டது!

தைப்பவர்கள் கவனிக்க வேண்டியது, இந்தக் கொடி சதுரம். நம் தேசியக் கொடி நீளம் மூன்று பங்கு, உயரம் இரண்டு பங்கு. வத்திக்கான் கொடி ஒரு முழம் உயரமென்றால் ஒரு முழமே நீளம். உலக நாடுகளில் சதுரக் கொடி உடையவை இரண்டுதான்: வத்திக்கானும் சுவிட்சர்லாந்தும். சின்னங்களை ஆராயும் ஐரோப்பியப் பண்டிதர்களுக்கு இந்தக் கொடிமேல் ஒரு மனக்குறையும் உண்டு. அவர்கள் கணக்கில் மஞ்சள் என்பது தங்கம், வெள்ளை என்பது வெள்ளி. உலோகத்தின்மேல் உலோகம் வைக்கலாகாது என்பது அவர்கள் சாத்திரம். இந்தக் கொடி அதை மீறித்தான் பறக்கிறது.

சாவிகளின் பொருள் நம் ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகளுக்கே தெரியும். நம் ஆண்டவர் இராயப்பரிடம் விண்ணரசின் திறவுகோல்களை ஒப்படைத்தது மத்தேயு நற்செய்தி 16ஆம் அதிகாரத்தில் உள்ளது. ஒன்று பொன், ஒன்று வெள்ளி. விண்ணிலும் மண்ணிலும் கட்டவும் அவிழ்க்கவும் உள்ள அதிகாரம் என்று விளக்கம் சொல்வார்கள். பூட்டில் நுழையும் பல் உள்ள முனை மேலே, வானத்தை நோக்கி. கைப்பிடி கீழே, மனிதன் பிடிக்கும் பக்கம். இரண்டையும் ஒரு சிவப்புக் கயிறு பிணைக்கிறது.

மும்முடியைப்பற்றி ஒரு செய்தி. கொடியில் இருக்கும் அந்த முடியை இன்று எந்தப் பாப்பரசரும் தலையில் சூடுவதில்லை. கடைசியாகச் சூடிக்கொண்டவர் ஆறாம் சின்னப்பர், 1963 ஜூன் 30ஆம் நாள். மிலான் நகர மக்கள் அவருக்கு அன்பளிப்பாகச் செய்து தந்த முடி அது. 1964 நவம்பர் 13ஆம் நாள் இராயப்பர் பேராலயத்தில், ஆயர்கள் எல்லாரும் பார்க்க, அதைப் பீடத்தின்மேல் வைத்து ஏழைகளுக்கென்று கொடுத்துவிட்டார். மூன்று வாரத்துக்குள், டிசம்பர் 2ஆம் நாள், நற்கருணை மாநாட்டுக்காகப் பம்பாயில் வந்து இறங்கினார். இந்திய மண்ணை மிதித்த முதல் பாப்பரசர் அவரே. முடியைக் கழற்றி வைத்த கையோடு நம் நாட்டுக்கு வந்தார் என்று எண்ணும்போது நமக்கு ஒரு பெருமை உண்டாகிறது. 1978க்குப் பின் வந்த ஒருவரும் முடிசூடவில்லை. 2005இல் பதினாறாம் பெனடிக்ட் தம் சொந்தச் சின்னத்திலிருந்தே மும்முடியை எடுத்துவிட்டு ஆயரின் தலைப்பாகையை வைத்தார். ஆனால் கொடியில் மட்டும் அது அப்படியே நிற்கிறது. 2023இல் பிரான்சிஸ் பாப்பரசர் தந்த புதிய அடிப்படைச் சட்டமும் கொடியை மாற்றவில்லை.

இப்போது நாங்கள் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நேற்றுவரை நம் வளைவில் பறந்த கொடி தவறான கொடி. வெளியூரில் வாங்கிய அதில் மும்முடியின் அடிப்பக்கம் சிவப்பாக அச்சாகியிருந்தது. அங்கே சிவப்பு கிடையாது. இந்தத் தவறு நம் ஒருவரோடு நிற்கவில்லை. இணையத்தில் பலரும் பார்த்து எடுக்கும் ஒரு படத்தில் இதே சிவப்பு பல ஆண்டு இருந்து, 2022இல்தான் திருத்தப்பட்டது. அதற்குள் அதைப் பார்த்துப் பல நாடுகளில் கொடி அச்சடித்துவிட்டார்கள். சரி என்று அதைக் கழற்றிவிட்டு நாங்களே ஒன்று தைத்தோம். தைத்து முடித்துக் கயிறு கோத்த பிறகு பார்த்தால், வெள்ளை கம்பத்தை ஒட்டி வந்துவிட்டது! பிரித்துத் திரும்பத் தைத்தவர் இப்போது இங்கேதான் இருக்கிறார். பெயர் சொன்னால் எழுந்து போய்விடுவார்.

இனி, தறிக்காரப் பெரியவர் கேட்ட கேள்விக்கு வருவோம். முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். திருவிழாவின் முதல் நாள் நாம் மந்திரித்து ஏற்றும் கொடி வேறு. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29ஆம் நாள் ஏறுகிறதே அன்னையின் படம் எழுதிய கொடி, அதுபோல் நம் கொடிமரத்தில் ஏறுவதும் பாதுகாவலரின் கொடி. அதற்கு நாடு கிடையாது, அரசு கிடையாது. அது நம் ஊர் மரபில் வந்தது. பக்கத்து அம்மன் கோவிலில் திருவிழாவுக்குக் கொடியேற்றுகிறவர்களுக்கு நாம் அதை விளக்க வேண்டியதே இல்லை.

சாவியும் மும்முடியும் உள்ள மஞ்சள் வெள்ளைக் கொடியோ சட்டப்படி ஒரு நாட்டின் கொடிதான். அதை மறைக்க வேண்டியதில்லை. நம் நாடு 1948இலேயே திருப்பீடத்தோடு தூதரக உறவு வைத்திருக்கிறது. 1986 பிப்ரவரி 5ஆம் நாள் இரண்டாம் அருள் சின்னப்பர் சென்னைக்கு வந்து சாந்தோமிலும் பரங்கிமலையிலும் செபித்தார்கள். ஆக அது பகைநாட்டுக் கொடியன்று, ஒளித்துக் கட்டும் கொடியுமன்று.

சிறிய ஐரோப்பிய நாட்டின் கொடி தமிழ் மண்ணில் பறப்பதும் புதிதன்று. தரங்கம்பாடிக் கோட்டையில் டென்மார்க்கின் கொடி 1620 முதல் 1845 வரை, இடையில் ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்த சில ஆண்டுகள் நீங்கலாகப் பறந்தது. சிவப்புத் துணியில் வெள்ளைச் சிலுவை. 1219இல் எஸ்தோனியாவில் நடந்த போரில் அது வானத்திலிருந்து விழுந்தது என்று அவர்கள் கதை சொல்வார்கள். கொடியில் சிலுவை இருந்தது உண்மை. ஆனால் தஞ்சை நாயக்கரிடம் இடம் கேட்டு வந்தது மிளகுக்கும் துணிக்கும். கடைசியில் இந்தியாவிலிருந்த தங்கள் குடியேற்றங்களைப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டுக் கொடியை இறக்கிக்கொண்டார்கள். சிலுவை போட்ட கொடியெல்லாம் திருச்சபையின் கொடி ஆகிவிடாது என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அதுபோலவே, மஞ்சள் வெள்ளையை ஏற்றுவதால் நாம் 109 ஏக்கர் நாட்டின் குடிமக்கள் ஆகிவிடுவதும் இல்லை. நாம் பாப்பரசரை மதிப்பது அவர் இராயப்பரின் வழிவந்த மேய்ப்பர் என்பதற்காக; ஒரு சிறு நாட்டின் ஆட்சித் தலைவர் என்பதற்காக அன்று. நம் நாடு இது. ஆகஸ்ட் 15ஆம் நாள் மாதாவின் விண்ணேற்புத் திருநாள் பூசை முடிந்ததும் கோவில் முற்றத்தில் எந்தக் கொடியை ஏற்றி நிற்கிறோமோ, அந்தக் கொடியின் மக்கள் நாம்.

ஆகவே, "கட்டலாமா" என்ற கேள்விக்குப் பதில், கட்டலாம். ஆனால் முறையாகக் கட்ட வேண்டும். 2002 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள இந்தியக் கொடி நெறிமுறையை நாங்கள் படித்தோம். எந்தக் கொடியும் தேசியக் கொடிக்குமேல் உயர்ந்து பறக்கக் கூடாது. ஒரே கம்பத்தில் வேறு கொடியைச் சேர்த்துக் கட்டக் கூடாது. மற்ற நாட்டுக் கொடியோடு வரிசையில் நின்றால் நம் கொடி வரிசையின் வலக்கோடியில், அதாவது எதிரே வருகிறவர்களின் இடக்கைப் பக்கம் முதலாவதாக நிற்க வேண்டும். நாங்கள் பக்கம் மாற்றிக் கட்டியிருந்தோம். இன்று காலை மாற்றிவிட்டோம்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. தேசியக் கொடியைத் தோரணமாகவோ அலங்காரமாகவோ பயன்படுத்தக் கூடாது. கடையில் கட்டுக்கட்டாக வாங்கிவந்த மூவர்ணக் காகிதத் தோரணங்களைக் கழற்றிவிட்டோம். வருத்தப்பட்ட சிறுவர்கள் மன்னிக்கவும். மஞ்சள் வெள்ளைத் தோரணத்தை விட்டுவைத்திருக்கிறோம். சாவி இல்லாத வெறும் நிறம் நாட்டுக் கொடி ஆகாது என்பது எங்கள் துணிபு.

தறிக்காரப் பெரியவரிடம் இவ்வளவையும் போய்ச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தேசியக் கொடியின் துணியைத்தான் விசாரித்தார். முன்பு கையால் நூற்றுக் கையால் நெய்த துணியில்தான் அது இருக்க வேண்டும் என்ற விதி இருந்ததும், 2021 டிசம்பர் 30ஆம் நாள் திருத்தத்தால் இயந்திரத்தில் செய்த பாலியஸ்டர் கொடியும் செல்லும் என்றானதும் அவருக்கு முன்பே தெரியும். அவருக்கு அது பிடிக்கவில்லை; எங்களுக்கும்தான். பொதட்டூர்பேட்டையிலும் நம் ஊரிலும் இத்தனை தறி இருக்க, கொடிக்குப் போய்ப் பாலியஸ்டரா? விழாவுக்கு நாளை ஏறும் தேசியக் கொடி கதர்க்கொடிதான் என்பதைக் காட்டிய பிறகே அவர் முகம் தெளிந்தது. நாளைக் காலைக் கொடியேற்றத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். முன்வரிசையில் ஒரு நாற்காலி அவருக்காக ஒதுக்கியிருக்கிறோம். யாரும் உட்கார்ந்துவிட வேண்டாம்.

நாளைக்குக் கயிறு இழுக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. மஞ்சள் வெள்ளைக் கொடியில் மஞ்சள்தான் கம்பத்தை ஒட்டி வர வேண்டும், மும்முடி நிமிர்ந்து நிற்க வேண்டும். கட்டுவதற்கு முன் ஒருமுறை விரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மாலையில் ஆற்றுப்பக்கமிருந்து மழை ஏறி வருவதுபோல் தெரிந்தால் இரண்டு கொடியையும் நனையவிடாமல் இறக்கி, மண்ணில் படாமல் மடித்து உள்ளே கொடுத்துவிடுங்கள். ஏணி மணிக்கூண்டுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறது.